சாவிக் கோப்பு

அந்த லிஃப்ட் கம்பெனியில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரான முதலாளிக்கும் அண்ணி, சாமான் இறக்க வரும் லாரி டிரைவருக்கும் அண்ணி. பெயரை ஒட்டவைத்தவள் அவளுடைய நாத்தனார். லிஃப்ட் எந்த மாடியில் நிற்க வேண்டும், கதவு எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிற சின்னப் பலகை ஒன்று உண்டு. அதற்குள் ஓடும் நிரலை எழுதுகிற ஏழு பேருக்கு நாத்தனார்தான் தலைவி. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் உதிரிபாக ஸ்டோருக்கு ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "எங்க அண்ணி வீட்டுல சும்மாதான் இருக்காங்க" என்று சொல்லி அழைத்துவந்தவளும் அவளே. இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமனார், மாடியும் கீழுமாக ஒரு வீடு. அதற்குப் பெயர் சும்மா.

ஸ்டோரில் ஒரு கணினி இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை உறைந்து நிற்கும். பழுது பார்க்க ஆள் வர நாலு நாளாகும். அண்ணி படித்தது வணிகவியல். ஆனால் திரையில் வரும் பிழைச் செய்தியைக் கடைசி எழுத்து வரைக்கும் படிக்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது. கணினியையே படித்துவிட்டு வந்த மேல்மாடி ஆட்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சிவப்பாக ஏதாவது தெரிந்ததும் "போச்சு" என்று கையைத் தூக்கிவிடுவார்கள். இப்படியே ஸ்டோர் கணினி, பிறகு பிரின்டர்கள், பிறகு நெட்வொர்க் என்று ஒவ்வொன்றாக அவள் தலையில் வந்து விழுந்தது. நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கென்று மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை இருந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும், அவ்வளவுதான்.

ஏழு பேர் ஒரே நிரலில் கை வைத்தால், யார் எந்த வரியை என்றைக்கு எதற்காக மாற்றினார்கள் என்று வைத்திருந்து, கேட்டால் போன வருஷத்து நிலையைக்கூட எடுத்துக் கொடுக்கிற ஒரு கிடங்கு வேண்டும். அந்தக் கிடங்கை வெளியே, இணையத்தில் யாரோ நடத்திய சேவை ஒன்றில் வைத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை அது திறக்கவில்லை. 'உங்களைச் சரிபார்க்கிறோம், பொறுத்திருங்கள்' என்று ஒரே ஒரு வரி. பொறுத்திருந்தார்கள். மறுநாளும் அதே வரி. அந்தப் பக்கம் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் கதவு ஐந்தாம் மாடியில் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதற்கான திருத்தம் அந்தப் பூட்டிய கிடங்குக்குள் இருந்தது.

புதன்கிழமை சேவை திறந்துகொண்டது. ஆனால் முதலாளிக்குக் கோபம் அடங்கவில்லை.

"நம்ம சாமான் நம்ம இடத்துல இருக்கணும் அண்ணி. இங்கேயே ஒரு சர்வர் போட்டுடுங்க."

"போடலாம் சார். நல்ல மெஷின் ஒண்ணு வேணும்."

"அதான் மூலையில ஒண்ணு கிடக்கே. என் பையன் அதுல அஞ்சு வருஷம் கேம் விளையாடினான். எதையும் தாங்கும்."

கிடங்கை நடத்துகிற மென்பொருளின் கையேட்டில் குறைந்தது எட்டு ஜி.பி. ரேம் வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பையன் விளையாடிய மெஷினில் நாலு. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "அவங்க அப்படித்தான் எழுதுவாங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

நிறுவிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. முக்கால் மணி நேரம் எழுத்துகள் சரசரவென்று ஓடி, கடைசியில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று வந்தது. அவசரமாகப் பிரௌசரைத் திறந்து முகவரியைத் தட்டினாள். ஐந்நூற்றிரண்டு. அதாவது வாசலில் ஆள் இருக்கிறார், உள்ளே கூப்பிட்டால் பதில் இல்லை. 'சில நிமிடங்கள் கழித்து வாருங்கள்' என்று கீழே மரியாதையாக எழுதியிருந்தது. சில நிமிடங்கள் கழித்து வந்தாள். டீ குடித்துவிட்டு வந்தாள். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தாள். ஐந்நூற்றிரண்டு, ஐந்நூற்றிரண்டு, ஐந்நூற்றிரண்டு.

பதிவுகளைத் தோண்டிப் பார்த்தால் விஷயம் புரிந்தது. நாலு பேர் படுக்கிற பாயில் எட்டுப் பேர் படுத்திருந்தார்கள். ஒருவர் புரண்டால் இன்னொருவர் தரையில். ஒரு நிரல் எழுந்திருக்க இடம் வேண்டுமென்று மெஷின் இன்னொரு நிரலைக் கொன்றுகொண்டிருந்தது. வேண்டாத பகுதிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாள். பக்கம் ஒரு நிமிஷம் தெரியும், உடனே போய்விடும். படியில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் அறைக்குள் தலையை நீட்டி, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் ஒரு தாளில் 'ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாச்சு' என்று பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டினாள். அதன்பிறகு வந்த தாடிக்காரப் புரோகிராமர் அதைப் படித்துவிட்டு, "ரெண்டு தடவை பண்ணீங்களா?" என்று கேட்டார்.

கடைசியில், வரைபடப் பிரிவில் செத்துக் கிடந்த ஒரு மெஷினின் வயிற்றைத் திறந்து அதிலிருந்த இரண்டு ரேம் பட்டைகளைப் பிடுங்கி இதில் செருகினாள். பக்கம் வந்தது. நின்றது. அவள் யாரையும் கூப்பிடாமல் கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தோடு விட்டதா? அவள் சர்வருக்குள் நுழைகிற வாசலுக்கும் மற்றவர்கள் நிரலைக் கொண்டுவந்து கொடுக்கிற வாசலுக்கும் ஒரே எண். இரண்டும் முட்டிக்கொண்டன. தன் வாசலை வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டு, அந்தப் புது எண்ணை அனுமதிக்கும்படி வாசல்களைக் காக்கிற ஃபயர்வாலுக்குச் சொல்ல மறந்து, மறுபடி துவக்கினாள். அவள் அமைத்த சர்வர் அவளையே உள்ளே விடவில்லை. மேல்மாடியிலிருந்து ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கி வந்து, மெஷினின் முதுகில் நேரடியாகச் செருகித்தான் உள்ளே போக முடிந்தது. பிறகு ஆளுக்கொரு சாவி ஜோடி செய்துகொள்ளச் சொன்னாள். ஒரு பாதி உங்களிடமே இருக்க வேண்டும், யாருக்கும் காட்டக் கூடாது, மறு பாதியைத்தான் சர்வரில் கொடுக்க வேண்டும் என்று இரண்டு முறை விளக்கினாள். 'அவசரம்' என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு புரோகிராமர், காட்டக் கூடாத பாதியை அலுவலகம் முழுவதற்கும் மின்னஞ்சலில் அனுப்பி, 'இது சரியா?' என்று கேட்டிருந்தார்.

வீட்டுக்குப் போனாலும் விடுதலை இல்லை. நாத்தனாரின் கணவர் வெளியூரில் வேலை பார்த்தார், மாதம் ஒரு முறைதான் வருவார். அதனால் மாடியில் குடியிருந்த நாத்தனாருக்குச் சாப்பாடு அண்ணியின் கீழ்வீட்டில்தான். அலுவலகத்தில் மேடம் என்று அழைக்கப்படுகிற அந்த முப்பத்தொன்பது வயதுக்காரி வீட்டில் இன்னும் பாப்பா. உட்கார்ந்து இரண்டு வாய் வைப்பதற்குள் ஆரம்பிப்பாள்.

"அண்ணி, இன்னிக்கு மத்தியானம் நிரலைச் சர்வருக்குப் புஷ் பண்ணா நாலு நிமிஷம் சுத்துது."

"நாளைக்குப் பாக்கறேன் பாப்பா."

"பழைய இடத்துல ரெண்டு செகண்டு."

"பழைய இடத்துல ரெண்டு நாள் பூட்டிக் கிடந்ததே, அதையும் சேத்துக் கணக்குப் பண்ணு."

அண்ணியின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவர். அதிகம் பேசாதவர். "சாப்பிடற இடத்துல சர்வர் வேண்டாம்" என்பார். அதோடு பேச்சு நிற்கும், இரண்டு பெண்களின் முகமும் தூக்கியபடி நிற்கும்.

இரண்டு மாதத்தில் சர்வர் ஒரு வழிக்கு வந்தது. ஏழு பேரும் அதிலேயே வேலை செய்தார்கள். நிரலை மட்டுமல்லாமல், வெளியே தெரியக் கூடாத சில ரகசியங்களையும் அது தனக்குள் ஒரு பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளும். அதில் முக்கியமானது கம்பெனியின் முத்திரை. இந்த முத்திரை குத்திய திருத்தத்தை மட்டும்தான் லிஃப்டில் இருக்கும் பலகை ஏற்றுக்கொள்ளும். கண்டவர்கள் கண்டதை ஏற்றி லிஃப்டைக் கவிழ்க்கக் கூடாது என்பதற்காக நாத்தனாரே செய்த ஏற்பாடு அது. அதுவரை தன் மெஷினில் வைத்திருந்த முத்திரையைச் சர்வரில் போட்டுவிட்டு, தன்னிடம் இருந்ததை அழித்தாள்.

நல்ல நாளாக இயங்கும்போது அண்ணியின் அறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவள் தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக, முந்தின நாள் பேக்கப் வேறொரு டிஸ்கில் வந்து உட்கார்ந்திருக்கிறதா, அதன் அளவு என்ன என்று பார்ப்பாள். வந்திருக்கும். அளவு நாளுக்கு நாள் கொஞ்சம் ஏறியிருக்கும். மனசுக்கு நிம்மதியாக இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு மெஷினிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தது. யாரோ நகத்தால் தட்டுவதுபோல. நாலைந்து முறை தட்டிவிட்டு நின்றது. திரையில் ஐந்நூற்றிரண்டு. மேலே ஏழு நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

டிஸ்க் போய்விட்டது. ஆனால் அண்ணி பதறவில்லை. பேக்கப் இருக்கிறதே. புது டிஸ்க் வாங்கிவரச் சொல்லி, முதலிலிருந்து நிறுவி, நேற்றைய பேக்கப்பை அதற்குள் இறக்கினாள். மறுநாள் மதியம் எல்லா நிரலும் திரும்பி வந்துவிட்டது. ஏழு பேருடைய மூன்று வருஷ மாற்றமும் வரி பிசகாமல் இருந்தது. மேலே போய், "வந்துடுச்சு, பாருங்க" என்றாள். தாடிக்காரர் கை தட்டினார்.

கைத்தட்டல் ஓய்வதற்குள் 'அவசரம்' புரோகிராமர், "உள்ளேயே விடமாட்டேங்குதே" என்றார். பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது, ஆனால் அதற்கு மேல் போனில் வரும் ஆறு இலக்க எண்ணைப் போட்டால் தவறு என்றது. எல்லாருக்கும் அதே கதி. அண்ணி கீழே ஓடிப்போய் அந்த ஆறு இலக்கச் சோதனையை அணைத்துவிட்டு வந்தாள். எல்லாரும் உள்ளே போனார்கள். அடுத்து நாத்தனார் ஒரு திருத்தத்துக்கு முத்திரை குத்தப் போனாள். ரகசியப் பெட்டி இருந்தது, திறக்கவில்லை. அமைப்புப் பக்கத்தைத் தொட்டால் ஐந்நூறு என்று ஒரு புதுப் பிழை.

நாத்தனார் எழுந்து நின்றாள். அலுவலகத்தில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"பேக்கப் எடுத்தீங்களா இல்லையா?"

"தினமும் எடுத்தேன்."

"அப்ப இது என்ன?"

எல்லாரும் அவரவர் திரையைப் பார்த்தார்கள். அண்ணிக்குக் காது மடல் சுட்டது. படியிறங்கி வந்து கையேட்டைத் திறந்து, பேக்கப் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். நாலாவது பத்தியில் இருந்தது. ரகசியப் பெட்டியைத் திறக்கும் சாவிக் கோப்பு பேக்கப்பில் சேராது. பெட்டியும் சாவியும் ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து என்பதால் அப்படி வைத்திருக்கிறோம். அதைத் தனியாக நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

இழுப்பறையை இழுத்தாள். பேக்கப் ஏற்பாடு செய்த நாளில் அவள் எழுதிய தாள் அங்கேயே கிடந்தது. ஐந்து வரிகள். நாலுக்குப் பக்கத்தில் டிக் போட்டிருந்தது. ஐந்தாவது வரி, 'சாவிக் கோப்பு, தனி நகல்.' பக்கத்தில் ஒன்றும் இல்லை.

அந்த நாள் முழுசாக நினைவுக்கு வந்தது. ஐந்தாவது வரியை எழுதிப் பேனாவை வைக்கும்போது போன் அடித்தது. நாத்தனார். 'அண்ணி, பெரிய ஃபைல் ஒண்ணு ஏறமாட்டேங்குது, இப்பவே மேல வாங்க.' போனாள். வாசலில் நிற்கும் நிரல் இத்தனை பெரியதுக்கு மேல் உள்ளே விடமாட்டேன் என்று தடுத்துக்கொண்டிருந்தது. அந்த அளவைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டுக் கீழே வர மூன்று மணி நேரம். அதற்குள் அலுவலகம் மூடுகிற நேரமாகிவிட்டது. மறுநாள் வேறு பிரச்சினை.

யாருக்கும் தெரியாது. டிஸ்க் செத்தது, அதோடு போய்விட்டது என்று சொன்னால் அந்தக் கட்டடத்தில் மறுத்துப் பேச ஆள் கிடையாது. அண்ணி அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு முதலாளி அறைக்குப் போனாள். நாத்தனாரும் அங்கே இருந்தாள்.

"என் தப்பு சார். ஒரு ஃபைலைத் தனியா எடுத்து வெச்சிருக்கணும். எழுதி வெச்சேன், செய்யலை."

முதலாளி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. "சரி, அந்த முத்திரை வேற எங்க இருக்கு?" என்று நாத்தனார் பக்கம் திரும்பினார்.

நாத்தனார் தரையைப் பார்த்தாள். "சர்வர்ல மட்டும்தான் சார்."

"ஏன்?"

"பாதுகாப்புக்கு சார்."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரை வேலைக்கு வைத்தது பிசகோ என்று அவர் யோசித்திருக்கலாம்.

மிச்சம் இருந்த ஒரே வழி செத்த டிஸ்க். அண்ணி அதைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டினாள். சில சமயம் சுழன்று உயிர் வரும், மூன்று நிமிஷம் தாங்கும், தட்டிவிட்டு நின்றுவிடும். ஆறவைத்து மறுபடி. அடுத்த இரண்டு நாளும் இதே வேலை. அலுவலகம் விடுமுறை, கட்டடத்தில் அவள் மட்டும். திங்கட்கிழமை காலை நாத்தனார் படியிறங்கி வந்து கேபிள் சுற்றிய மர உருளைமேல் உட்கார்ந்தாள். ஆறாவது முறை டிஸ்க் சுழன்றபோது கோப்புகளின் பட்டியல் வந்தது. அதில் சாவிக் கோப்பின் பெயர். அளவுகூடத் தெரிந்தது, சின்னக் கோப்பு, ஒரு கடிதம் அளவுகூட இருக்காது.

"இருக்கு அண்ணி! இருக்கு!"

அண்ணி நகல் கட்டளையைத் தட்டினாள். படிக்க முடியவில்லை என்று பிழை. மறுபடி தட்டினாள். மறுபடி அதே. பெயர் கண்ணுக்கு எதிரே நின்றது, உள்ளே இருப்பது வரமாட்டேன் என்றது. ஏழாவது முறை டிஸ்க் சுழலவே இல்லை. நாத்தனார் எழுந்து போய்விட்டாள். அண்ணி ஸ்க்ரூடிரைவரைச் சுவரோரம் வீசினாள். பிறகு போய் எடுத்து மேஜையில் வைத்தாள்.

முத்திரை போனால் புது முத்திரை செய்யலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு லிஃப்டின் பலகைக்கும் நேரில் போய், கேபிள் மாட்டி, 'இனி இதுதான் முத்திரை' என்று சொல்லிவிட்டு வர வேண்டும். இருபத்து மூன்று கட்டடங்கள், அறுபத்தொரு லிஃப்ட். செய்யத் தெரிந்தவள் நாத்தனார் ஒருத்திதான். மொட்டை மாடி லிஃப்ட் அறைக்குத் தனியாகப் போகக் கூடாது என்பது கம்பெனி விதி. "நானும் போறேன் சார்" என்றாள் அண்ணி.

கம்பெனி வேனில் முதல் மூன்று நாளும் இருவரும் பேசிய சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "கேபிள்." "ம்." "ஏறிடுச்சு." "அடுத்தது." லிஃப்டைப் பத்து நிமிஷம் நிறுத்த வேண்டும். கீழே பையோடு நிற்கும் பெண்மணி, "ஒன்பதாவது மாடிங்க, முட்டி வலிங்க" என்று இவர்கள்தான் அவள் முட்டியை உடைத்ததுபோலச் சொல்வாள். மேலே லிஃப்ட் அறையில் கிரீஸ் நாற்றமும் புழுக்கமும். ஒரு கட்டடத்தில் பலகையின் துளையில் தூசி அடைத்துக் கேபிள் பொருந்தவில்லை, இன்னொன்றில் லேப்டாப் பாதியில் தன்பாட்டுக்கு அப்டேட் ஆக உட்கார்ந்துவிட்டது. வீட்டில் சாப்பாட்டு மேஜை அமைதியாக இருந்தது. அண்ணியின் கணவருக்கு நடந்தது முழுக்கத் தெரியும். அவளே சொல்லியிருந்தாள். அவர் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலாம் நாள், காவலாளி தவறான சாவியைக் கொடுத்துவிட்டு, சரியான சாவியைத் தேடக் கீழே போனார். போனவர் வரவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு முழ அகலம். அதில் இருவரும் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். முக்கால் மணி நேரம் போனது.

நாத்தனார் தொட்டியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "ஒரே ஒரு ஃபைல். காப்பி பண்ணியிருந்தா இப்படி வெயில்ல நிக்க வேண்டாம்."

அண்ணிக்கு எங்கிருந்து வந்ததோ.

"பாப்பா, அன்னிக்கு நான் அந்த ஃபைல் பேரை எழுதிட்டுப் பேனாவை வெச்சதே உன் போனுக்காகத்தான். இப்பவே வாங்கன்னே. மூணு மணி நேரம் உன் மேஜைகிட்ட நின்னேன்."

"அப்ப என் தப்புங்கறீங்களா?"

"என் தப்புதான். முதலாளிகிட்ட அப்படித்தான் சொன்னேன். உன் பேரை இழுக்கலை. ஆனா நீ அதையே தினம் ஒரு தடவை குத்திக் காட்டாதே. எனக்கும் தாங்கணும்ல?"

நாத்தனார் தொட்டியை விட்டு அவள் பக்கம் திரும்பினாள். "ஏன் அப்பவே சொல்லலை?"

"சொல்லியிருந்தா அன்னிக்கு ஒரே மேஜையில உக்காந்து யாரு சாப்பிடறது?"

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதான் என்னைப் பாத்தா உடனே கண்ணாடியைக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சுடறார்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இன்னும் கோபம் தீரவில்லை. நாத்தனார் கேபிளை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"முத்திரையை என் மெஷின்ல இருந்து அழிக்கறப்போ ஒரு நிமிஷம் யோசிச்சேன். எங்கேயாவது ஒரு காப்பி வெச்சுக்கலாமான்னு. அப்புறம் அண்ணிதான் பேக்கப் எடுக்கறாங்களே, எதுக்குன்னு விட்டுட்டேன்."

அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் கேட்ட கேள்வியைவிட இது ஆழமாக இறங்கியது. நம்பினேன் என்கிறாளா, நம்பிக் கெட்டேன் என்கிறாளா? காவலாளி மூச்சு வாங்க வந்து சாவிக்கொத்தை நீட்டினார். முதல் சாவி பொருந்தவில்லை. ஐந்தாவது பொருந்தியது.

அதன்பிறகு பேச்சு வந்தது. பெரும்பாலும் புலம்பல்தான்: காவலாளிகளைப் பற்றி, தூசியைப் பற்றி, வேனின் பின்சீட்டைப் பற்றி. ஆனால் இருவரும் சேர்ந்து புலம்பினார்கள். பதினேழு நாளில் ஐம்பத்தெட்டு லிஃப்ட் முடிந்தது. மற்ற மூன்றும் பராமரிப்புக்காக மூடிக் கிடந்த ஒரு கட்டடத்தில் இருந்தன. அவை திறக்க இன்னும் ஒரு மாதம் ஆனது. புது முத்திரையை நாத்தனார் இரண்டு நகலாக எடுத்து, உறையில் போட்டு ஒட்டி, ஒன்றை முதலாளியின் இரும்பு அலமாரியிலும் ஒன்றை வீட்டிலும் வைத்தாள். அண்ணி சாவிக் கோப்பை மூன்று இடத்தில் வைத்தாள்.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும், கேளுங்க" என்றார் முதலாளி. ஒன்றில் எழுதினால் இன்னொன்றிலும் எழுதப்படுகிற மாதிரி இரட்டை டிஸ்க், பேக்கப்பை இறக்கிப் பார்ப்பதற்கென்றே ஒரு தனி மெஷின், இரண்டும் வேண்டும் என்றாள். இரட்டை டிஸ்க் உடனே வந்தது. தனி மெஷினுக்கு மட்டும் மூன்று முறை நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

வந்த பிறகு முதல் ஒத்திகை. பேக்கப்பை எடுத்துக்கொண்டு, சாவிக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தாளில் எழுதிய வரிசைப்படி ஒவ்வொன்றாகச் செய்தாள். சரசரவென்று எழுத்துகள் ஓடின. நின்றன. இறக்க முடியாது என்று வந்தது. அவள் கடைசி எழுத்து வரைக்கும் படித்தாள். பேக்கப் எடுத்த மென்பொருளும் இறக்குகிற மென்பொருளும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டுமாம். இவள் தனி மெஷினில் போட்டது போன வாரம் வந்த புதியது. சர்வரில் ஓடுவது அதற்கு முந்தியது.

"சே!" என்று மேஜையைத் தட்டினாள். காலை முழுவதும் வீண். மறுபடி முதலிலிருந்து. இந்த மென்பொருளை எழுதினவர்கள் வீட்டு லிஃப்ட் ஒருநாள் நடுவில் நிற்க வேண்டும் என்று மனசார நினைத்தாள்.

அறையின் மறு மூலையில் உண்மையான சர்வர் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஏழு பேரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிழைச் செய்தியை இன்னொரு முறை படித்தபோதுதான் கவனித்தாள்: காது சுடவில்லை, வெறும் எரிச்சல் மட்டும்தான். தாளில் ஆறாவது வரியாக, 'பதிப்பு எண்ணைக் குறித்து வை' என்று எழுதினாள். போன் அடித்தது. அதை அடிக்க விட்டுவிட்டு, சர்வரில் ஓடுகிற பதிப்பின் எண்ணைப் பார்த்து அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதி, டிக் போட்டாள். அப்புறம்தான் போனை எடுத்தாள்.